அம்மாவோடு 645 கிலோமீற்றர்: கொழும்பிலிருந்து சென்னைக்கு

முதல் நாள், வெள்ளவத்தை

“சென்னை எவ்வளவு தூரம் பிள்ளை?” ஒரு கிழமையாக அம்மா இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு வயது 79. மயிலாப்பூரில் இருக்கும் சின்னம்மாவைப் பார்த்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு சென்னைக்குப் போன சின்னம்மா குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. இப்போது அவருக்கும் முழங்கால் வலி, படியிறங்க முடியாது. இனி நாங்கள்தான் போக வேண்டும்.

“ஒரு மணி நேரம்தான் அம்மா, பக்கத்தில்தான்” என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. அவர் கேட்டது தூரத்தை, நான் சொன்னது நேரத்தை. 27 வருடம் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பித்தவள் இப்படிப் பதில் சொல்லக் கூடாது என்று தோன்றியது. அலுமாரிக்கு மேலே இருந்த பழைய பூகோள உருண்டையை இறக்கித் துடைத்து, சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அம்மா பூ கட்டும் நூலில் ஒரு துண்டு வெட்டித் தந்தார்.

உருண்டையின் மேல் இரண்டு இடங்களுக்கு நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் அதுதான் மிகக் குறுகிய வழி. கொழும்புக்கும் சென்னைக்கும் நடுவே நூல் ஒன்றரைச் சென்ரிமீற்றர்தான் வந்தது. “இவ்வளவுதானா?” என்று அம்மா விரலை வைத்துப் பார்த்தார்.

கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது, வகுப்பிலும் எத்தனையோ முறை செய்திருக்கிறேன். அகலக்கோட்டில் ஒரு பாகையை 60 கலைகளாகப் பிரித்தால், ஒரு கலை ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. கட்டுநாயக்கா விமான நிலையம் வடக்கு 7 பாகை 11 கலையில் இருக்கிறது. சென்னை விமான நிலையம் 12 பாகை 59 கலை. கழித்தால் 5 பாகை 48 கலை, மொத்தம் 348 கலை. அப்படியென்றால் 348 கடல் மைல், ஏறத்தாழ 645 கி.மீ. நெடுங்கோட்டில் இரண்டுக்கும் 17 கலைதான் வித்தியாசம். அதைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் தூரம் ஒரு கிலோமீற்றர்கூட அதிகரிக்காது. இரண்டு ஊரும் ஒன்றுக்கு நேர் மேலே மற்றது இருப்பதால்தான் கழித்தலோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

சில இடங்களில் 680 கி.மீ. என்று படித்திருப்பீர்கள். அதுவும் பிழையில்லை. அது நகரத்திலிருந்து நகரத்துக்கான தூரம். கட்டுநாயக்கா கொழும்புக்கு வடக்கே 30 கி.மீ.க்கு மேல் தள்ளி, சென்னை இருக்கும் திசையிலேயே இருக்கிறது. விமான நிலையத்துக்கு வான் பிடித்துப் போகும்போதே அந்தத் துண்டைக் கடந்துவிடுகிறோம்.

நூலை எடுக்கும்போதுதான் அதைக் கவனித்தேன். கட்டுநாயக்காவிலிருந்து மீனம்பாக்கத்துக்கு நேர்கோடு போட்டால், கிழக்கு 80 பாகையைத் தொட்டபடி அது யாழ்ப்பாணத்தின் மேலாகவே போகிறது. பக்கத்தில் அல்ல, மேலாகவே. யாழ்ப்பாணம் 9 பாகை 40 கலை, 80 பாகை 1 கலை. பென்சிலால் புள்ளி வைத்துக் காட்டினேன். அம்மா கொக்குவிலில் பிறந்தவர்.

“அப்ப எங்கட வீட்டுக்கு மேலாலேயே போகும்?”

“நேர்கோட்டில போனா ஓம் அம்மா. விமானம் தனக்கென்று உள்ள வழியில கொஞ்சம் விலகியும் போகலாம்.”

“எந்தப் பக்கம் இருந்தாத் தெரியும்?”

வடக்கே போகும்போது நிலம் கிழக்கே இருக்கும். வலப்பக்க யன்னல் இருக்கைகளைக் கொஞ்சம் காசு கூடக் கொடுத்து எடுத்தேன். சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே பதிந்திருந்தேன். இந்திய இ-விசாவின் அச்சுப் பிரதி இரண்டு பைகளிலும் இருக்கிறது.

இரண்டாம் நாள், கோட்டை

புறப்படுவதற்கு முன் கோட்டை ரயில் நிலையத்தைப் பார்க்க வேண்டும் என்று அம்மா காலையில் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. புறக்கோட்டையில் தேயிலையும் கஜுவும் வாங்க வேண்டியும் இருந்தது. ஓட்டோவில் காலி வீதியால் போனோம்.

1961இல், பதினைந்து வயதில், அம்மா இங்கிருந்துதான் சென்னைக்குப் போயிருக்கிறார். அப்போது அது மதராஸ். தாத்தாவுக்குக் கொழும்பில் கந்தோர் வேலை. சிதம்பரத்துக்கும் திருச்செந்தூருக்கும் நேர்த்தி இருந்ததாம். ராத்திரி தலைமன்னார் கோச்சியில் ஏறி, காலையில் துறைமுகத்தில் இறங்கி, கப்பலில் தனுஷ்கோடி. கப்பல் வழி 35 கி.மீ. அளவுதான், இரண்டு மணி நேரம் போல. தனுஷ்கோடியில் கப்பல் துறையை ஒட்டியே ரயில் நிற்கும். பாம்பன் பாலத்தைத் தாண்டி, இன்னொரு ராத்திரி முழுக்க ஓடி, மறுநாள் காலை எழும்பூர். இரண்டு ராத்திரியும் ஒரு பகலும் சேர்ந்த பயணம் அது. பாலத்தில் ரயில் மெல்லப் போனபோது தாத்தா தன் கையை இறுகப் பிடித்திருந்ததை அம்மா இன்னும் சொல்கிறார்.

1914இல் பாம்பன் பாலம் திறந்தபோது தொடங்கிய இந்த வழி 50 வருடம் ஓடியது. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதற்குப் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது, 80களில் அதுவும் நின்றது. ராமேஸ்வரம் போகும் ரயிலைச் சென்னையில் இன்றும் போட் மெயில் என்று சொல்கிறார்கள். கப்பல் இல்லாமல் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அதே வழியால் வந்த எல்லோருக்கும் அது இரண்டு ராத்திரிப் பயணமாக இருக்கவில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும். மலையகத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்துவைத்துத்தான் கப்பல் ஏற்றினார்கள். அதே கடல், அதே தூரம், அவர்களுக்கு மட்டும் நாட்கள் கூடின.

அம்மா நிலைய வாசலில் ஒல்கொட் சிலைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே போகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பலகையில் தலைமன்னார் என்ற பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. போரில் அழிந்த அந்தப் பாதை 2015இல் திரும்பத் திறந்துவிட்டது, ரயில் போகிறது. கடற்கரையோடு நின்றுவிடும்.

மூன்றாம் நாள், வானத்தில்

நேரங்களை எல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தேன். வயதானவர்களைக் கூட்டிப்போக நினைக்கிறவர்களுக்கு டிக்கெட்டில் இருக்கும் நேரம் போதாது. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை எவ்வளவு என்று தெரிந்தால்தான் மருந்து, சாப்பாடு, கழிப்பறை எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தலாம்.

விடிய 3.30க்கு வான் வந்தது. வெள்ளவத்தையிலிருந்து களனிப் பாலம்வரை வீதியில் ஆள் நடமாட்டமே இல்லை. அங்கிருந்து கட்டுநாயக்கா அதிவேக வீதி, 25.8 கி.மீ. 2013 ஒக்டோபரில் அது திறப்பதற்கு முன், நீர்கொழும்பு வீதியில் வத்தளை, ஜா-எல சந்திகளில் எவ்வளவு நேரம் நின்றிருப்போம்! இன்று 4.25க்கு விமான நிலைய வாசலில் இறங்கினோம். மொத்தம் 42 கி.மீ. அளவு, 55 நிமிடம்.

சக்கர நாற்காலி உடனே கிடைத்தது. தள்ளிக்கொண்டு வந்த தம்பி சிங்களத்தில் அம்மாவிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். “நங்கி பலன்ன” என்றார் அம்மா. தங்கச்சியைப் பார்க்க. அந்தத் தம்பி கடவுச்சீட்டு வரிசை முடியும்வரை அம்மாவோடு கதைத்துக்கொண்டே வந்தார், அவருக்கு நன்றி. உள்ளே போய் நானும் அம்மாவும் ஒரு பிளேன்டீயைப் பகிர்ந்து குடித்தோம். காலை மருந்தும் கொடுத்தேன்.

விமானக் கதவு மூடியது 7.10. பின்னால் தள்ளத் தொடங்கியது 7.18. ஓடுபாதை முனைக்குப் போய்க் காத்து நின்று, சக்கரம் நிலத்தை விட்டது 7.34. அந்த 16 நிமிடமும் டிக்கெட்டில் இருக்கும் பயண நேரத்துக்குள் அடக்கம். விமான நிறுவனங்கள் எழுதும் 1 மணி 25 நிமிடம், நின்ற இடத்திலிருந்து அசையத் தொடங்கி அங்கே போய் நிற்கும்வரை உள்ள நேரம். பறக்கும் நேரம் அதைவிடக் குறைவு.

ஆவணி மாதக் காற்று தென்மேற்கிலிருந்து வருவதால் கடல் பக்கமாக எழும்பி, பிறகு வலப்பக்கம் வளைந்து வடக்கைப் பிடித்தது. நீர்கொழும்புக் களப்பு ஒரு கணம் தெரிந்தது. அப்புறம் முகில். கிழக்குப் பக்கம் இருந்ததால் வெயில் நேரே கண்ணில் அடித்தது. அம்மா சேலைத் தலைப்பால் நெற்றியை மறைத்துக்கொண்டு யன்னலை விட்டு முகத்தை எடுக்கவேயில்லை. சிலாபம் தாண்டியதும் முகில் கலைந்தது. புத்தளம் களப்பும் கற்பிட்டியும் வரைபடத்தில் இருப்பதுபோலவே கிடந்தன. உலர்வலயத்தில் இந்த மாதம் மழையில்லை, அதனால் கீழே எல்லாம் தெளிவு.

மன்னார் தெரிந்தபோது அம்மாவின் கையைத் தொட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை. சரியாக 8 மணிக்கு, புறப்பட்டு 26 நிமிடத்தில், வலப்பக்கம் அந்தக் குடாநாடு வந்தது. கடலும் நிலமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும் அந்த வடிவத்தை எந்த உயரத்திலிருந்தும் மறக்க முடியாது. தீவுகள் பழுப்பாகக் கிடந்தன. கடல் நடுவே நூல்போல ஒரு கோடு, பண்ணைப் பாலமாகத்தான் இருக்க வேண்டும். கொக்குவில் எது என்று என்னால் காட்ட முடியவில்லை. அம்மாவுக்கு அது தேவைப்படவும் இல்லை. யன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தார்.

26 நிமிடம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு யாழ்தேவியில் 400 கி.மீ. போக எங்களுக்கு ஆறு, ஏழு மணி நேரம் ஆகிறது. போர்க் காலத்தில் கிளாலிக் கடலைத் தாண்டி வந்தவர்களுக்கு எத்தனை நாள் ஆனது என்று அவரவர் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

எயர் சிலோனின் முதல் விமானமும் இந்தக் கோட்டில்தான் போனது. 1947 டிசம்பர் 10, இரத்மலானையிலிருந்து, ‘சீதா தேவி’ என்று பெயர் வைத்த டகோட்டா. காங்கேசன்துறையில் இறங்கி, பிறகு மதராஸ். அன்றைய காங்கேசன்துறை விமான நிலையம்தான் இன்றைய பலாலி. யாழ்ப்பாணத்தில் நின்று போவதற்காக அந்த விமானம் வழியை விட்டு விலக வேண்டியிருக்கவில்லை என்பது இன்று யன்னலால் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

பாக்கு நீரிணையைக் கடந்தபோது பணிப்பெண் தேநீர்க் கோப்பைகளைச் சேகரிக்க வந்துவிட்டார். இவ்வளவு குறுகிய வழியில் விமானம் முழு வேகத்தில் ஓடுவது கொஞ்ச நேரம்தான். ஏற 20 நிமிடம், இறங்க 25 நிமிடம் போய்விடும், நடுவில் மிஞ்சுவதில் மட்டும் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல். தரை தொட்டது 8.37. வானத்தில் இருந்தது 63 நிமிடம். சராசரி எடுத்தால் மணிக்கு 615 கி.மீ. தூரத்தை 800ஆல் வகுத்து நேரம் கண்டுபிடிக்கிறவர்களுக்கு இந்த வழியில் விடை குறைவாகத்தான் வரும்.

8.48க்கு விமானம் நின்றது. இங்கேதான் கஷ்டம். பதிந்துவைத்த சக்கர நாற்காலி வர 40 நிமிடம் ஆனது. எல்லோரும் இறங்கிப் போன பிறகு வெறும் விமானத்தில் அம்மாவை உட்காரவைத்துக்கொண்டிருந்தேன். 79 வயதுப் பெண்ணுக்கு அது நீண்ட நேரம். பதிந்த ஒன்றுக்கு யாரும் மறுபடி கெஞ்ச வேண்டியிருக்கக் கூடாது. குடிவரவு, பைகள் எல்லாம் முடிந்து வெளியே வர 10 மணி. மயிலாப்பூரில் சின்னம்மா வீட்டு வாசலில் கார் நின்றது 10.50க்கு.

மொத்தம் 7 மணி 20 நிமிடம், ஏறத்தாழ 700 கி.மீ. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 96 கி.மீ. வருகிறது, விடிய அதிவேக வீதியில் எங்கள் வான் ஓடிய வேகம் அது. ஆனால் 61ஆம் வருடத்து இரண்டு ராத்திரியோடு வைத்துப் பாருங்கள். முழங்கால் வலியோடும் தாங்கக்கூடிய ஒரு பகல் பொழுதுதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒன்பது வருடத்தைப் போகவிட்டுவிட்டேன்.

கதவு திறந்தது. சின்னம்மா ஊன்றுகோலோடு நின்றார். அதற்கு மேல் எழுதவில்லை.

ஆறாம் நாள், மயிலாப்பூர்

மூன்று நாளாக எங்கும் போகவில்லை. கபாலீஸ்வரர் கோயிலுக்கு ஒரு மாலை. மற்றபடி இரண்டு பேரும் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து கதைக்கிறார்கள், நான் ஒடியல் கூழுக்குச் சாமான் வாங்கிக்கொடுக்கிறேன். ஒடியல் மா வெள்ளவத்தையிலிருந்து வந்தது.

அடுத்த முறை பலாலிக்கு வந்து, அங்கிருந்து சென்னைக்கு ஏறுங்கள் என்று சின்னம்மாவின் மகன் சொன்னார். 2019 ஒக்டோபரில் அது சர்வதேச விமான நிலையமானது. பலாலியிலிருந்து சென்னை 355 கி.மீ.தான், எங்கள் வழியில் பாதிக்குச் சற்றே கூட. ஆனால் அந்த வழியில் ஓடுவது சுழல்விசிறி வைத்த சிறிய விமானம், வேகம் குறைவு. தூரம் பாதியானாலும் நேரம் பாதியாகாது. இன்னொன்றும் சொன்னேன், அவர் நம்பவில்லை, நூலை எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது: யாழ்ப்பாணத்திலிருந்து நேர்கோட்டில் கொழும்பு 300 கி.மீ., திருச்சி 190 கி.மீ.

சின்னம்மா பழைய டிக்கெட் ஒன்றை எடுத்துக் காட்டினார். 1998இல் அப்பா வந்துபோனது. நேரங்களைக் கழித்தால் வரும்போது ஒரு மணிக்கும் குறைவு, போகும்போது இரண்டு மணியை நெருங்கியது. விமானம் வேகமாக வரவுமில்லை, மெதுவாகப் போகவுமில்லை. அந்தக் காலத்தில் இலங்கை மணிக்கூடு இந்திய மணிக்கூட்டைவிட அரை மணி முன்னால் ஓடியது. 1996இல் மாற்றினார்கள், 2006 ஏப்ரலில் பழையபடி ஒன்றாக்கினார்கள். அப்பா இறங்கியதும் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைத் திருப்பியதைச் சின்னம்மா இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்.

போகவும் வரவும் நேரம் வித்தியாசப்படுமா என்று அவர் கேட்டதும் நல்ல கேள்வி. கொழும்பு லண்டன் வழியில் வித்தியாசம் உண்டு, ஏனென்றால் உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று போகும்போது எதிர்க்கும், வரும்போது தள்ளும். எங்கள் வழி தெற்கு வடக்கு. காற்று பெரும்பாலும் பக்கவாட்டில்தான் அடிக்கும். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே நேரம்தான்.

ஒன்பதாம் நாள், திரும்பவும் கொழும்பு

மாலை 5.30 விமானம் என்று மதியம் 2 மணிக்கே புறப்பட்டோம். சின்னம்மா வாசல்வரை வரவில்லை, அம்மாதான் வேண்டாம் என்றார். விமானம் 7.40க்குத்தான் அசைந்தது. ஏன் தாமதம் என்று யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு இரவு மருந்தைக் காத்திருப்பு மண்டபத்திலேயே கொடுக்க வேண்டியதாயிற்று. கைப்பையில் மருந்து வைக்காமல் யாரும் பயணம் போகாதீர்கள்.

இந்த முறை இடப்பக்க யன்னல். அப்பா 98இல் ராத்திரி விமானத்தில் திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது: யாழ்ப்பாணம் வரும் என்று யன்னலால் பார்த்துக்கொண்டே வந்தேன், கீழே ஒரு வெளிச்சமும் இல்லை, கடல் எது ஊர் எது என்று தெரியவில்லை.

7.52க்கு எழும்பினோம். பாக்கு நீரிணையில் மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் புள்ளி புள்ளியாக. 8.28க்கு அம்மா என் கையைத் தட்டினார். நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது.

8.55க்குக் கட்டுநாயக்காவில் இறங்கி, வெள்ளவத்தைக்கு வந்து சேர 10.40. கதவைத் திறந்ததும் தொலைபேசி அடித்தது. சின்னம்மா தூங்காமல் இருந்திருக்கிறார். அம்மா செருப்பைக் கழற்றாமலே எடுத்துக் கதைத்தார்.

“ஓம் தங்கச்சி, வந்திட்டம். ... ஓம், பார்த்தனான். லைற் எல்லாம் எரிஞ்சுகொண்டு கிடந்தது.”